வாய்க்காலில் மிதந்த விரால்

அஸர் தொழுகை முடிந்து, பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்கப் போன நேரம். பத்து வயதுப் பையன் ஒருவன் கையில் ஒரு சொப்பின் பையுடன் வாசலில் நின்றான். பைக்குள் நான்கு விரால். இரண்டு அசைவற்றுக் கிடந்தன. மற்ற இரண்டும் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தன.

"மௌலவி, வாய்க்கால்ல மிதந்திச்சி. இன்னும் உசிர் இரிக்கி. தின்னலாமாண்டு உம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

நான் கிதாபைப் புரட்டிக்கொண்டே பதில் சொன்னேன். மீனுக்கு அறுப்பு இல்லை, செத்த மீனும் நமக்கு ஹலால்தான், கொண்டுபோய் உம்மாவிடம் கொடு என்றேன். பையன் சந்தோஷமாக ஓடினான்.

பாடம் தொடங்கிய பிறகுதான் மனசு உறுத்தத் தொடங்கியது. நான் சொன்னது பிழையான சட்டம் அல்ல. ஆனால் பாதிச் சட்டம். அது ஒரு பக்கம் இருக்க, வேறொரு கேள்வியும் வந்தது. விரால் எங்கேயாவது மிதக்குமா? குளம் வற்றிச் சேறான பிறகும் சேற்றுக்குள் உயிரோடு கிடக்கிற மீன் அது. வெட்டித் துண்டாக்கிய பிறகும் துடிக்கிற மீன். ஓடுகிற வாய்க்கால் தண்ணீரில் அது ஏன் மிதக்க வேண்டும்? மூத்த மாணவன் ஒருவனிடம் வகுப்பை ஒப்படைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்தச் சகோதரி மீனைக் கழுவி, மஞ்சளும் உப்பும் பிரட்டி வைத்திருந்தார். கொட்டிவிடச் சொன்னதும் அவருடைய முகம் மாறியது. "மௌலவி, மூணு நாளா வீட்டுல கறி இல்ல. நீங்கதானே ஹலால் எண்டு சொல்லி அனுப்பினீங்க?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அன்று அந்த வீட்டுத் திண்ணையில் நின்றபடி அவருக்கு அரைகுறையாகச் சொன்னதை, பிறகு விவசாயப் போதனாசிரியர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்தவற்றோடு சேர்த்து, சகோதரிகளே, உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் நமது தண்ணீரைப் பற்றி. திருகோணமலை என்றதும் வெளியூரார் துறைமுகத்தையும் கடல் மீனையும்தான் நினைப்பார்கள். இங்கே வாழும் நமக்குத்தான் தெரியும், துறைமுகத்தின் முதுகுப்புறம் முழுவதும் வயலும் குளமும் என்பது. கந்தளாய்க் குளத்தைக் கட்டியவன் இரண்டாம் அக்கபோதி மன்னன் என்று சிங்கள வரலாறு சொல்கிறது. குளக்கோட்டன் என்று தமிழ் மரபு சொல்கிறது. யார் கட்டியிருந்தாலும் இன்றும் தம்பலகாமத்து வயல்கள் அந்தத் தண்ணீரில்தான் விளைகின்றன. 1986 ஏப்ரல் 20 ஆம் திகதி அதிகாலையில் அதன் அணை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை நமது மூத்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. அந்தக் குளத்து நீர் வாய்க்கால் வழியே வயலுக்குள் புகுந்து, வயலிலிருந்து வடிந்து, ஓடைகளில் சேர்ந்து, தம்பலகாமக் குடாவுக்கு வருகிறது. அங்கிருந்து கிண்ணியாவைத் தாண்டினால் கொட்டியாரக் குடா. மூதூர்ப் பக்கம் மகாவலியின் கிளைகளும் அல்லைக் குளத்தின் பாசன நீரும் இதேபோல வயல்களைக் கடந்துதான் கடலுக்குப் போகின்றன. ஆகவே ஒரு வயலில் தெளிக்கப்படும் எதுவும் அந்த வயலோடு நின்றுவிடுவதில்லை.

இந்த வழி நெடுகிலும் மீன் இருக்கிறது. விரால், சுங்கான், பனையேறி, கெண்டை, 1952 இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நமது குளங்களில் விடப்பட்டு இன்று ஏழை வீட்டுக் கறியாகிவிட்ட யப்பான் மீன். கடல் மீனின் விலை ஏறும் நாட்களில், கடல் கொந்தளித்து வள்ளம் இறங்காத மாரி மாதங்களில், நமது சட்டிக்கு வருவது இவைதான். மாரி மாதங்கள் என்றால் பெரும்போக வயல்கள் பச்சையாக நிற்கும் மாதங்கள். அறக்கொட்டியானுக்கும் இலைச்சுருட்டிக்கும் மருந்து அடிக்கப்படும் மாதங்களும் அவைதான்.

பூச்சியைக் கொல்லும் மருந்து மீனை ஏன் கொல்கிறது? பூச்சிக்கும் மீனுக்கும் நமக்கும் ரப்புல் ஆலமீன் நரம்பு வைத்த முறை ஏறத்தாழ ஒன்றுதான். அங்கத்தை அசைக்க வேண்டுமென்றால் நரம்பின் நுனியிலிருந்து ஒரு இரசாயனம் கசிந்து தசைக்குச் செய்தி சொல்லும். தசை சுருங்கியதும் அந்த இரசாயனத்தை உடனே துடைத்தெடுக்க ஒரு நொதியம் காவல் நிற்கும். அசற்றைல்கோலின் எஸ்ரரேஸ் என்பது அதன் பெயர். பெயர் உங்களுக்கு நினைவில் நிற்க வேண்டியதில்லை. குழாயைத் திறந்தால் மூடுவதற்கு ஒரு கை வேண்டும். அந்தக் கைதான் இது. ஓர்கனோபொஸ்பேற்று, காபமேற்று என்ற இரண்டு குடும்பத்துக் கிருமிநாசினிகளும் அந்தக் கையைக் கட்டிப்போட்டுவிடுகின்றன. செய்தி நிற்காமல் ஓடுகிறது. தசை துடிக்கிறது, நடுங்குகிறது, பிறகு இறுகி ஓய்கிறது. மூச்சு விடுவதற்கும் தசைதான் வேண்டும். மருந்து அடிக்கும்போது பாதுகாப்பில்லாமல் நின்ற மனிதனுக்கு எச்சில் வழிவது, வியர்ப்பது, வயிறு முறுக்குவது, தசை துடிப்பது எல்லாம் இதே காரணத்தால்தான். அப்படிக் கண்டால் தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைக்காமல் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மீனின் நிலை நம்முடையதைவிட மோசம். நாம் காற்றிலிருந்து விலகி நிற்கலாம், சட்டையைக் கழற்றிக் குளிக்கலாம். மீன் எங்கே போகும்? அதன் பூவைத் தூக்கிப் பார்த்திருப்பீர்கள். மீன் வாங்கும்போது சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கும் அதே பூதான். சீப்பின் பற்கள் போல அடுக்கடுக்காக இருக்கும் அந்த இழைகளின் தோல் மிக மெல்லியது. இரவும் பகலும் தண்ணீர் அதன் ஊடாக ஓடிக்கொண்டே இருக்கிறது. தண்ணீரிலுள்ள நஞ்சு இரத்தத்துக்குள் போக இதைவிட இலகுவான வாசல் வேறில்லை. நஞ்சு பட்டதும் பூ வீங்கும், சளி சுரக்கும், இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூச்சுக்குத் திண்டாடும் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும், சரிந்து நீந்தும், திடீரென்று பாய்ந்து கரையில் முட்டும்.

இங்கேதான் அந்தப் பையனின் விரால் எனக்கு விஷயத்தைச் சொன்னது. வாய்க்காலில் மீன் செத்தால் எல்லாமே மருந்தினால் என்று சொல்ல முடியாது. பாசி மண்டிய தேங்கிய தண்ணீரில் விடியற்காலையில் பிராணவாயு குறைந்து கெண்டையும் யப்பானும் மிதப்பது உண்டு. ஆனால் விராலும் சுங்கானும் பனையேறியும் தண்ணீரை மட்டும் நம்பி மூச்சு விடுபவை அல்ல. மேலே வந்து காற்றை விழுங்கி வாழத் தெரிந்தவை. தண்ணீரில் பிராணவாயு குறைந்ததால் அவை சாவது அரிது. அவையும் சேர்ந்து மிதந்தால், அதோடு தவளையும் இறாலும் தண்ணீர்ப் பூச்சியும் செத்துக் கிடந்தால், நஞ்சைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நமது நாட்டிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். களனிப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வாளர்கள் 2006 இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சிங்களத்தில் தண்டியா என்று சொல்லப்படும் ஒரு சின்ன மீன் இனத்தை, வயலோடு தொடர்புள்ள நீர்நிலைகளிலிருந்தும் வயல் தொடர்பில்லாத இடங்களிலிருந்தும் பிடித்து ஒப்பிட்டார்கள். வயல் நீரில் வாழ்ந்த மீன்களின் மூளையில், நான் மேலே சொன்ன அந்தக் காவல் நொதியத்தின் வேலை குன்றியிருந்தது. பூவிலும் சிதைவுகள் இருந்தன. ஆய்வுக்குப் பிடித்தபோது அவை செத்து மிதந்தவை அல்ல, நீந்திக்கொண்டிருந்த மீன்கள். செத்து மிதப்பவை நமது கண்ணில் படுகின்றன. மூளை மந்தமாகி, பூ பழுதாகி, இரையைத் துரத்த முடியாமல், கொக்கு வந்தால் விலகத் தெரியாமல் நீந்திக்கொண்டிருப்பவை யார் கண்ணிலும் படுவதில்லை.

இனி அளவைப் பற்றி. பெண்களுக்கு அளவு நன்றாகத் தெரியும் என்பதால் சமையலறைக் கணக்கிலேயே சொல்கிறேன். பைரெத்ரோயிட் என்று இன்னொரு குடும்பத்துக் கிருமிநாசினி இருக்கிறது. மரக்கறித் தோட்டங்களில் அதிகம் பாவிப்பது. இந்தக் குடும்பத்துச் சிறியவர்கள்தான் நமது வீட்டு நுளம்புத்திரியிலும் பூச்சிக்கு அடிக்கும் ஸ்பிரேயிலும் இருப்பவர்கள். மனிதனின் உடல் இதை ஓரளவு விரைவாக உடைத்து வெளியேற்றிவிடும். மீனின் உடலுக்கு அந்த வசதி மிகக் குறைவு. வீட்டில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பவர்கள் ஸ்பிரே அடிக்கும்போது தொட்டியை மூடச் சொல்வது இதனால்தான். இந்த வகையில் பல மருந்துகள், ஒரு லீற்றர் நீரில் ஒரு கிராமின் இலட்சத்தில் ஒரு பங்கு கலந்தாலே பல மீன்களைக் கொன்றுவிடும். அதாவது ஒரு இலட்சம் லீற்றர் நீருக்கு ஒரு கிராம் போதும். பத்தாயிரம் லீற்றர் பவுசர்கள் பத்தை வரிசையாக நிறுத்திக் கற்பனை செய்யுங்கள். நூற்றுக்குப் பத்து வீதம் செறிவுள்ள ஒரு போத்தலில் அந்த ஒரு கிராம் எவ்வளவில் இருக்கிறது தெரியுமா? இரண்டு தேக்கரண்டியில். காலிப் போத்தல் என்று நாம் எறிகிறோமே, அதன் அடியில் மிஞ்சியிருப்பது அவ்வளவாவது இருக்கும். சேற்றிலும் மண்ணிலும் இது ஒட்டிக்கொள்வதால் கலங்கிய வாய்க்காலில் கணக்கு அப்படியே நடக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஒட்டும் குணம் மட்டும் இல்லாதிருந்தால் நமது ஓடைகளில் எத்தனை மீன் மிஞ்சியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மனிதனுக்கு இலேசானது மீனுக்கும் இலேசானது என்று எண்ணுவதுதான் நாம் செய்யும் பெரிய பிழை. நமது நாட்டில் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பின்னர் கொடிய மருந்துகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன. 1984 இல் பரதியோன், 1995 இல் மொனோகுரோட்டோபொஸும் மெதமிடோபொஸும், 1998 இல் எண்டோசல்பான். இவை நிறுத்தப்பட்டதற்கு முக்கிய காரணம் மீன் அல்ல. அவற்றைக் குடித்து உயிரை மாய்த்துக்கொண்ட நமது பிள்ளைகள். 1995 இல் உச்சத்துக்குப் போயிருந்த தற்கொலை வீதம் பத்து வருடத்துக்குள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அந்தத் தடைகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டென்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். எண்டோசல்பான் மீனுக்கும் மிகக் கொடியது என்பதால் அதன் தடையில் வாய்க்காலுக்கும் ஒரு நன்மை கிடைத்தது. ஆனால் பழையதன் இடத்துக்கு வந்த புதியவை எல்லாம் மீனுக்கும் நல்லவை என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

கிருமிநாசினிப் போத்தலின் லேபிளைக் கவனித்திருக்கிறீர்களா? பல போத்தல்களில் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். கையுறை, முகமூடி, சப்பாத்து. சிலவற்றில் ஒரு மீன் படமும் இருக்கும். என் அயலில் ஒருவர் அதைக் கம்பனியின் அடையாளம் என்று நினைத்திருந்தார். இது மீனுக்கு நஞ்சு, குளத்திலும் ஆற்றிலும் கலக்காதே என்பதுதான் அந்தப் படத்தின் பொருள். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்காகப் போட்ட படத்தை வாசிக்கத் தெரிந்தவர்களும் பார்ப்பதில்லை.

மீனைத் தொடாமலே மீனை இல்லாமலாக்குவதும் உண்டு. ஜப்பானில் ஷின்ஜி என்று ஒரு ஏரி. சுற்றிலும் நெல் வயல். அங்கே 1993 இல் நியோநிகொட்டினோயிட் என்ற புது வகை மருந்து பாவனைக்கு வந்தது. மீனை இது நேரடியாக எளிதில் கொல்லாது. ஆனால் ஏரியிலிருந்த கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர்கள், புழுக்கள், நுளம்பு போன்ற பூச்சிகளின் குடம்பிகள் எல்லாம் குறைந்தன. அவற்றைத் தின்று வாழ்ந்த மீன் பட்டினி கிடந்தது. அங்கு விரும்பி உண்ணப்படும் ஒரு சிறு மீனின் வருட அறுவடை 240 தொன்னிலிருந்து 22 தொன்னுக்கு விழுந்தது. மசுமி யமாமுரோ என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் பல வருடக் கணக்குகளைத் தேடியெடுத்து 2019 இல் இதை வெளிப்படுத்தினார்கள்.  வலை இலேசாகிப்போனது. அந்த வகை மருந்துகள் நமது வயல்களுக்கும் வந்தவைதான். "முந்தி இந்த வாய்க்கால்ல அத்தாங்கு போட்டா ஒரு சட்டி மீன்" என்று நமது மூத்தம்மாமார் பெருமூச்சு விடும்போது அதை வயதானவர்களின் புலம்பல் என்று தள்ளிவிடுகிறோம். அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். மருந்தும் அவற்றில் ஒன்று என்பதை மறுக்க வழியில்லை.

அப்படியானால் விவசாயி பூச்சிக்கு என்ன செய்வான் என்று கேட்பீர்கள். பயிர் போனாலும் பட்டினி நமக்குத்தான். இந்தோனேசியாவில் நடந்ததைச் சொல்கிறேன். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அங்கே அறக்கொட்டியான் வயல் வயலாகத் தின்றது. அரசாங்கமே மானியம் கொடுத்து மருந்து அடிக்க வைத்தது. அடிக்க அடிக்கப் பூச்சி கூடியது. ஏனென்று பார்த்தால், அந்தப் பூச்சியைப் பிடித்துத் தின்னும் சிலந்திகளையும் வண்டுகளையும் மருந்து முதலில் கொன்றுவிட்டது. 1986 இல் ஜனாதிபதி சுகார்த்தோ நெல்லுக்குப் பாவித்த 57 வகை மருந்துகளை ஒரே ஆணையில் நிறுத்தினார். மானியமும் பின்னர் படிப்படியாக நிறுத்தப்பட்டது. விளைச்சல் விழுந்துவிடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். விழவில்லை. ஜாவாவில் நெல்லோடு மீனையும் ஒரே வயலில் வளர்க்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. மருந்து அடிக்கும் வயலில் அது நடக்காத காரியம். வரம்பில் நின்று பூச்சியை எண்ணிப் பார்த்து, தேவையென்றால் மட்டும் அடி என்பதையே நமது விவசாயப் போதனாசிரியர்களும் சொல்கிறார்கள். பக்கத்து வயல்காரர் அடித்தார், நானும் அடித்தேன் என்பதுதான் நமது நடைமுறையாக இருக்கிறது.

சரி, சட்டத்துக்கு வருவோம். நான் அன்று பாதியில் விட்டதை முடித்துவிடுகிறேன். செத்த மீன் ஹலால் என்பதில் நமது ஷாபிஈ மத்ஹபில் கருத்து வேறுபாடு இல்லை. கடற்கரையில் ஒதுங்கிய பெரிய மீனொன்றை ஸஹாபாக்கள் பல நாட்கள் உண்ட சம்பவத்தை நீங்கள் பயானில் கேட்டிருப்பீர்கள். ஹனபி மத்ஹபில் தானாகச் செத்து மிதக்கும் மீனை உண்பதில்லை. ஆனால் எந்த மத்ஹபிலும், உடலுக்குக் கேடு செய்யும் நஞ்சை உண்பதற்கு அனுமதி இல்லை. மீன் ஹலாலாக இருப்பது வேறு, அதற்குள் போன நஞ்சு ஹலாலாகாமல் இருப்பது வேறு. கறிக்குள் கண்ணாடித் துண்டு விழுந்தால் கறி ஹலால்தானே என்று யாரும் பரிமாறுவதில்லை.

ஆகவே மிதந்த மீனையும், கிறங்கி நீந்தும் மீனையும், கையால் அள்ளக்கூடிய அளவுக்கு இலகுவாக அகப்படும் மீனையும் சட்டியில் போடாதீர்கள். குடலை எடுத்துவிட்டால் போதும், புளி விட்டுக் கொதிக்க வைத்தால் நஞ்சு முறிந்துவிடும் என்பதை நம்பாதீர்கள். கொதியில் எல்லா மருந்தும் அழியாது; சில தசையிலும் கொழுப்பிலும் போய்த் தங்கியிருக்கும். பூனைக்கும் கோழிக்கும் போடுவதும் சரியல்ல. குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். அதே நேரம் குளத்து மீன் என்றாலே பயந்து ஒதுங்கவும் வேண்டாம். வலையிலோ தூண்டிலிலோ உயிரோடு துள்ளிப் பிடிபட்ட மீன், பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் நல்ல உணவு. கந்தளாய்க் குளத்திலிருந்து திருகோணமலைக்குக் குழாய்த் தண்ணீரும் வருகிறது. அதை நாம் குடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். பயத்தினால் ஆவது ஒன்றுமில்லை. இன்னொன்று: குட்டைகளில் வேண்டுமென்றே மருந்தை ஊற்றி மீனை மயக்கிப் பிடிக்கும் கெட்ட வழக்கம் ஆங்காங்கே உண்டு. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளச் சட்டம் நஞ்சு போட்டு மீன் பிடிப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. வீட்டு வாசலில் ஒருவர் பை நிறையக் குளத்து மீனை மலிவாகக் கொண்டுவந்தால், எப்படிப் பிடித்தது என்று கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்.

அந்த வீட்டுத் திண்ணைக்குத் திரும்புவோம். நான் பேசிக்கொண்டிருந்தபோது பையனின் வாப்பா வந்து சேர்ந்தார். கூலிக்கு மருந்து அடிப்பவர். காலையிலிருந்து மூன்று வயல்களுக்கு அடித்துவிட்டு, முதுகில் டாங்கியோடு வந்திருந்தார். மகன் மீன் பொறுக்கிய இடத்தைச் சொன்னதும் அவர் பேசாமல் நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அதுக்குக் கொஞ்சம் மேலதான் மௌலவி நான் டாங்கி கழுவின."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டாங்கியைக் கழுவத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் வாய்க்காலில் இருக்கிறது. அவருக்கு யாரும் வேறு வழி காட்டியிருக்கவில்லை. வழி இருக்கிறது. ஒரு வாளியும் ஒரு கலனும் போதும். வாய்க்காலிலிருந்து தண்ணீரை வாளியில் கோலிக்கொண்டு வயலுக்குள் போய்விட வேண்டும். காலிப் போத்தலை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் தெளிக்கிற டாங்கிக்குள்ளேயே ஊற்றி அடித்துவிட வேண்டும். டாங்கி கழுவிய தண்ணீரையும் வாய்க்காலில் விடாமல், அடித்த வயலுக்கே அடித்துவிடலாம். அடித்த பிறகு லேபிளில் சொன்ன நாள்வரை வக்கடையைக் கட்டி வைத்து, தண்ணீர் வடியாமல் பார்க்க வேண்டும். வயலுக்குள் நிற்கும் நாட்களில் மருந்தின் வீரியம் வெயிலிலும் மண்ணிலும் குறைந்துவிடும். மழை இருட்டிக்கொண்டு வரும்போது அடிப்பது காசையும் மருந்தையும் வாய்க்காலில் கொட்டுவதற்குச் சமம்.

மீதி வேலை பெண்களின் கையில்தான் இருக்கிறது. மருந்து அடித்த சாரனையும் சேட்டையும் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்து வாய்க்கால் படிக்கட்டில் துவைக்கும் சகோதரிகளை நான் தினமும் காண்கிறேன். அதைத் தனியாக, கையுறை போட்டு, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தூரத்தில் ஒரு பேசினில் துவையுங்கள். காலிப் போத்தலில் மண்ணெண்ணெயோ தேங்காயெண்ணெயோ ஊற்றி வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். மிச்ச மருந்தைக் குசினித் தட்டில் வைப்பதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வாய்க்காலில் மீன் கூட்டமாகச் செத்துக் கண்டால் கமநல சேவை நிலையத்துக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவித்துவிடுங்கள். அறிவிப்பது யாரையும் காட்டிக்கொடுப்பது ஆகாது.

அந்த மனிதர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வாளிக்கும் கலனுக்கும் போடியார்ட்ட கேட்டா, கூலியில வெட்டுவாரு" என்றார். நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே அவருடைய மனைவி எழுந்து உள்ளே போனார். மழைத் தண்ணீர் பிடிக்க வைத்திருந்த பழைய நீலக் கலனொன்றையும், பிடி கழன்ற வாளியொன்றையும் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார். வாளிக்குக் கயிறு கட்டச் சொல்லி மகனை அழைத்தார். பிறகு மஞ்சள் பிரட்டிய மீனைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு வளவின் மூலைக்குப் போனார். பையன் மண்வெட்டியோடு அவருக்குப் பின்னால் போனான். அன்றிரவு அந்த வீட்டில் பருப்பும் சம்பலும். அடுத்த நாள் என் வீட்டிலிருந்து கொஞ்சம் கடல் மீன் அனுப்பினோம். பாதிச் சட்டம் சொன்னவன் அதையாவது செய்ய வேண்டுமல்லவா?